பின்கட்டு மரத்தளத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

மன்றக் கட்டடத்தின் பின்கட்டு மரத்தளப் பணி நிறைவடைந்துவிட்டது. கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டோம். இனி எல்லோரும் தாராளமாக நடக்கலாம். பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் கொடுத்தது பாசியைத் தேய்த்தெடுத்துச் சாயம் பூசும் வேலைக்கு. கடைசியில் நடந்ததோ, சுவரோரப் பாதியைப் பிரித்து அடியிலிருந்து சீர்செய்த வேலை. “பூச்சு வேலைக்கு இவ்வளவு நாளா?” என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடையாகவே இந்த அறிக்கையைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

மேலிருந்து பார்த்தால் தளத்தில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. பலகைகள் நரைத்திருந்தன, நிழல் விழும் பக்கம் பச்சை படர்ந்திருந்தது, அவ்வளவுதான். நரைப்பதால் மரம் வலுவிழப்பதில்லை. மர இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை வெயில் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது. அதுவும் மேல்தோலில் மட்டும். எங்களுக்குக் கவலை தந்தது பலகைகளின் வெட்டுமுனை. தச்சர் திருப்புளி முனையை அங்கே குத்தி மெல்ல நெம்பிக் காட்டினார். நல்ல மரமாக இருந்தால் நீளமாகச் சிராய் கிளம்பும், கிளம்பும்போது சடசடவென்று சத்தமும் வரும். சுவரோரப் பலகைகளிலோ சத்தமே இல்லை. குறுக்கே உடைந்து சின்னத் துண்டுகளாகக் கையோடு வந்தது. சில இடங்களில் திருப்புளி, இரும்பு தெரியாத அளவுக்கு உள்ளே போயிற்று. மேலே மட்டும் பார்த்துப் பூசியிருந்தால், அழுகலுக்கு மூடிபோட்டு வைத்தது போல் ஆகியிருக்கும்.

மழையில் நனைந்த மாத்திரத்தில் மரம் உளுத்துவிடாது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம் நான்கும் வேண்டும். முதல் மூன்றை நம்மால் தடுக்க இயலாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை தலையெடுக்காது. 30ஐ நெருங்கி அங்கேயே தங்கிவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். குளிரும் மழையும் சேர்ந்த தட்பவெப்பத்தில் தொல்லை எங்கே வருகிறதென்றால், நனைந்த மரம் காய்வதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. கடுங்குளிரில் பூஞ்சை அடங்கிக் கிடக்கும். ஆனால் குளிருக்கு முன்னும் பின்னும் வரும் ஈரமான மாதங்களில் விட்ட இடத்திலிருந்து தொடரும். இடையில் உறைபனி தன் பங்கைச் செய்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. வெடிப்புக்குள் புகுந்த நீர் உறைந்து உருகி, உறைந்து உருகி, மயிரிழை விரிசலையும் விரல்நகம் நுழையும் பிளவாக ஆக்கிவிடுகிறது.

ஆகவே, தண்ணீர் எங்கெங்கே தங்குகிறது என்று தேடினோம். முதல் குற்றவாளி கூரையின் மழைநீர்க் குழாய். அதன் வாய் தளத்தின் மூலையிலேயே திறந்திருந்தது. கூரை முழுவதன் தண்ணீரும் அந்த மூலையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அதை நீட்டி, தளத்துக்கு அப்பால் வடிகாலோடு இணைத்தோம். இந்தப் பணி முழுவதிலும் மிக எளிய வேலை அது. மிக அதிகப் பலன் தரப்போவதும் அதுதான் என்பது எங்கள் கணிப்பு. இரண்டாவது, பலகை இடுக்குகளில் பல பருவத்து இலைச்சருகு மக்கி, மண்ணாகவே இறுகியிருந்தது. இடுக்கு அடைபட்டால் நீர் இறங்காது. மூன்றாவது, தளத்துக்கு அடியில் மண் மேடேறி, பலகைகளைத் தாங்கும் மரச் சட்டங்களை எட்டிவிடும் நிலையில் இருந்தது. பக்கவாட்டை அழகுக்காக முழுவதும் பலகை அடித்து மூடியிருந்ததால் காற்றும் போக வழியில்லை. மண்ணை வாரி வெளியேற்றி, சரிவு கொடுத்துச் சரளை பரப்பினோம். பக்கப் பலகைகளில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றிவிட்டோம். பார்வைக்கு முன்போல் நிறைவாக இல்லை என்று சொல்லும் உறுப்பினர்களுக்கு எங்கள் பதில், அது அப்படியேதான் இருக்கும் என்பதே.

இனி, எங்கள் திட்டத்தையே மாற்றிய இடத்துக்கு வருகிறோம். தளத்தின் ஒரு பக்கம் முழுவதையும் தாங்குவது கட்டடச் சுவரோடு பிணைத்த நீளச் சட்டம். அதைச் சுவரில் வெறும் ஆணிகளால் அறைந்திருந்தார்கள். ஆணி கீழ்நோக்கிய பாரத்தை ஓரளவு தாங்கும். வெளிப்பக்கம் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். ஈரத்தில் துருப்பிடித்த ஆணிக்கு அந்தப் பிடிப்பும் இல்லை. மரத்தளங்கள் ஆட்களோடு இடிந்து விழும் விபத்துகளில் பெரும்பாலும் முதலில் பெயர்வது இந்தச் சுவர்ச் சட்டம்தான். விழும்போது முன்னறிவிப்பும் கொடுக்காது. கூட்டம் நிற்கும் நாளில், அல்லது ஈரப்பனி குவிந்து பாரம் ஏறும் நாளில்தான் போகும். நம் தளத்தில் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் நீர்த்தடுப்புத் தகடே இல்லை. சுவர் வழியே வழிந்த மழைநீர் நேராக அந்த இடுக்கில் இறங்கி, வெளியேற வழியின்றி ஊறிக் கிடந்தது. சட்டத்தின் பின்பக்கத்தைக் கையால் பிசைய முடிந்தது. அதைப் பார்த்த அன்றே தளத்துக்குக் குறுக்கே கயிறு கட்டினோம்.

புதிய சட்டத்தைத் துளையிட்டு, போல்ட்டுகளால் கட்டடத்தின் திடமான பகுதியோடு முடுக்கியிருக்கிறோம். அதன் மேல்விளிம்பில் தகடு ஒன்றை மடித்துப் பொருத்தினோம். தகட்டின் மேல்பகுதி சுவரை வெளியே மூடியிருக்கும் பலகைக்குப் பின்னால் ஏறியிருக்கிறது. கீழ்பகுதி சட்டத்தின் முகப்பைத் தாண்டி வழிகிறது. சுவரில் வழியும் நீர் இனிச் சட்டத்தைத் தொடாமல் வெளியே சொட்டும்.

உலோகத் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. விலை குறைந்த ஆணிகளையே வாங்கியிருக்கலாமே என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். பழைய மரத்தில் அது உளுக்காமல் இருக்க ஏற்றியிருந்தது ஆர்செனிக் கலந்த மருந்து. அமெரிக்காவில் 2003 இறுதியிலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004இலும் வீட்டு உபயோகத்திலிருந்து அது விலக்கப்பட்டது. அதற்குப் பதில் வந்த மருந்துகளில் செம்பு அதிகம். ஈரத்தோடு சேர்ந்தால் செம்பு சாதாரண எஃகை வேகமாக அரிக்கும். அலுமினியத் தகட்டையும் ஓட்டை போட்டுவிடும். அதனால்தான் போல்ட், திருகாணி, தகடு எல்லாமே துருப்பிடிக்காத எஃகில் போட்டோம். மரம் உழைக்கும் காலம் வரை ஆணியும் உழைக்க வேண்டும் அல்லவா? பழைய மரத்தில் ஆர்செனிக் மருந்து இருப்பதால்தான் கழற்றிய பலகைகளை விறகுக்குக் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. மருந்தேறிய மரத்தை எரித்தால் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. அவற்றை முறைப்படி கழிவுக்கு அனுப்பிவிட்டோம். வருத்தப்பட்டவர்கள் பொறுத்தருள்க.

தாங்கு சட்டங்களில் இற்றவற்றை மாற்றினோம். நல்லவற்றைச் சுரண்டி, உலரவிட்டு, அவற்றின் மேல்விளிம்பில் பிசின் நாடா ஒட்டினோம். திருகாணித் துளை வழியாக இறங்கும் நீர் சட்டத்தின் நெற்றியில் ஊறாமல் இருக்க இந்த நாடா. புதிதாக அறுத்த ஒவ்வொரு வெட்டுமுனையிலும் மருந்து தடவிய பிறகே பொருத்தினோம். தண்ணீர் பலகையின் முகத்தில் நுழைவதைவிடப் பல மடங்கு வேகத்தில் வெட்டுமுனை வழியாக ஏறும். தொழிற்சாலையில் ஏற்றிய மருந்து பலகையின் நடுவரை போயிருக்காது என்பதால், அறுத்த இடம் மருந்தில்லாத மரம்தான். பலகைகளுக்கு இடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறோம். மூதாட்டி ஒருவர் கைத்தடி மாட்டுமோ என்று கேட்டார். மாட்டாது, அவருடைய தடியையே வாங்கி வைத்துப் பார்த்துவிட்டோம்.

மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கலந்த பலகை போட்டிருக்கலாம் என்ற யோசனை குழுவுக்குள்ளேயே இருந்தது. நீண்ட நேரம் பேசினோம். அந்தப் பலகை உளுத்துப்போவது அரிதுதான். ஆனால் அதையும் தாங்கப் போவது இதே மரச் சட்டங்கள். நம் தளத்தில் கெட்டிருந்ததோ சட்டம். பாசியும் அதன்மேல் பிடிக்கத்தான் செய்யும். நல்ல பலகைகளையும் சேர்த்துத் தூக்கிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய பலகை வேண்டாம் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. வழுக்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பள்ளத்தில் நீரும் அழுக்கும் தேங்கிப் பாசிக்குத்தான் அது பாத்தி.

பழைய பலகைகளைக் கழுவச் சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் வகை வெளுப்பான்) கரைசலைப் பயன்படுத்தினோம். ஊற்றி, கால்மணி நேரம் காயவிடாமல் நனைத்து வைத்து, ரேகை போகும் திசையிலேயே விறைப்பான நார்த் தூரிகையால் தேய்த்தால் பச்சையும் நரையும் கலங்கலாக இறங்கிவிடும். குளோரின் வெளுப்பான் மரத்தின் லிக்னினையே அரிக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. பழைய ஆணிகளைச் சுற்றியிருந்த கருந்திட்டு, இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாவது, சோப்புக்கு அசையாது. ஆக்சாலிக் அமிலக் கரைசல் பட்டதும் கண்முன்னே வெளிறிப் போயிற்று. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த வேலையைச் செய்யக் கூடாது. பிரஷர் வாஷரை அலசுவதற்கு மட்டும், விரிந்த முனையோடு, தள்ளி நின்று பிடித்தோம். நெருங்கிப் பிடித்தால் மரத்தின் மெத்தென்ற பகுதி பிய்ந்து, பலகை மயிர் சிலிர்த்தாற்போல் ஆகிவிடும்.

அதன்பின் காத்திருந்தோம். நீங்கள் பொறுமை இழந்ததும் இந்தக் கட்டத்தில்தான். பார்க்க உலர்ந்து வெளுத்திருந்த பலகையில் ஈரமானியின் ஊசியை இறக்கினால் 20க்கு மேல் காட்டியது. 15 சதவீதத்துக்குக் கீழே வராமல் எண்ணெய் பூசினால் அது உள்ளே இறங்காது. உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே வராது. வெயில் வந்தது, மறுபடி மழை வந்தது, மறுபடி தார்ப்பாய் கட்டினோம். தார்ப்பாயையும் பலகையோடு ஒட்டிக் கட்டாமல், காற்றோட்டத்துக்கு உயரத் தூக்கித்தான் கட்ட வேண்டியிருந்தது.

பெயின்ட் அடித்திருந்தால் பளிச்சென்று இருந்திருக்குமே என்பவர்களுக்கு: இருந்திருக்கும், ஒரு குளிர்காலம் வரை. பெயின்ட்டும் வார்னிஷும் மேலே படலமாக நிற்பவை. மரம் நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கும்போது படலம் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் படலத்துக்கு அடியில் சிறைப்படும். பிறகு உரித்தெடுப்பதே தனித் திருப்பணி. நாங்கள் பூசியது மரத்துக்குள் ஊறும், இளநிறம் சேர்ந்த எண்ணெய். நிறத்துகள் இல்லாத வெறும் எண்ணெய் வெயிலைத் தடுக்காது. நிறம் முழுக்க அடர்ந்ததோ பெயின்ட்டைப் போலவே நடந்துகொள்ளும். பூசுவதற்கு முன் 80ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்திக்கொண்டோம். அதைவிட நைசாகத் தேய்த்தால் மரம் எண்ணெயைக் குடிக்காது. பூசிக் கால்மணி நேரத்தில் மேலே நின்ற மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தோம். எடுக்காமல் விட்ட எண்ணெய் பிசுபிசுவென்று நின்று அழுக்கை வாங்கும்.

அந்தத் துணிகளைப் பற்றி எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. ஆளிவிதை எண்ணெய் போன்றவை உலரும்போது வெப்பம் வெளிவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். துணிகளை நீரில் முக்கி, மூடியுள்ள இரும்பு வாளியில் வைத்துத்தான் அப்புறப்படுத்தினோம். வீட்டில் இந்த வேலை செய்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இனிப் பராமரிப்பு. இந்தப் பூச்சு இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கும். நடைபாதைப் பகுதி முன்னதாகவே தேயும். நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம், பலகையில் நாலு சொட்டு நீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் கவலையில்லை. உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச வேண்டிய நேரம். இலையுதிரும் நாட்களில் வாரம் ஒருமுறை பெருக்கி, இடுக்குகளைத் தட்டையான சட்டுவத்தால் கிளறிவிட வேண்டும். பூந்தொட்டிகளைக் கால் வைத்த தாங்கிமேல் ஏற்றி வையுங்கள். அடிக்கடி இடம் மாற்றுங்கள். ரப்பர் விரிப்பு வேண்டவே வேண்டாம். பனி விழுந்தால் பிளாஸ்டிக் மண்வாரியால், பலகை நீளவாக்கில் தள்ள வேண்டும். இரும்பு மண்வாரி பூச்சைச் செதுக்கிவிடும். ஒட்டியிருக்கும் பனிக்கட்டியைக் கொத்த வேண்டாம். உப்பு தூவாதீர்கள்: ஆணிகளை அரிக்கும், ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். வழுக்கினால் கொஞ்சம் மணல் போடலாம், பனி உருகியதும் கூட்டிவிட வேண்டும், இல்லையேல் காலடியில் அதுவே உப்புத்தாளாகும்.

செய்யாமல் விட்டதும் ஒன்று உண்டு. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பங்கள் இப்போதைக்கு உறுதியாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் அடிப்பாகம் நேராகக் கான்கிரீட்டுக்குள் புதைந்திருப்பதால் நீர் அங்கே தேங்கும். அவற்றைக் கழற்றி, தரையிலிருந்து உயர்த்திய உலோகத் தாங்கியில் நிறுத்துவது நல்லது. ஒதுக்கிய நிதிக்குள் அது அடங்கவில்லை. மதிப்பீட்டை அடுத்த பொதுக்குழுவில் வைக்கிறோம். அதுவரை கைப்பிடியில் சாய்ந்து நிற்பதையும் பிள்ளைகள் அதில் ஏறுவதையும் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கும் பணியின்போது எடுத்த படங்களும் அலுவலகத்தில் உள்ளன. எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம். மீதமுள்ள எண்ணெய் டின்கள் உறையாத உள்ளறையில் உள்ளன. திறந்த தேதி மூடியில் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
மரத்தளப் பணிக்குழு