எதை எண்ணப் போகிறாய், கண்ணம்மா?

அன்புள்ள கண்ணம்மா,

உன் நடத்தைப் பகுப்பாய்வுப் (ABA) படிப்பின் இறுதி ஆய்வான கேப்ஸ்டோன் திட்டத்துக்கு நீ அனுப்பிய வரைவைப் படித்துவிட்டேன். வடிவமைப்பு, கால அட்டவணை, வரைபட மாதிரி எல்லாவற்றையும் பார்த்தபோது, என் பிள்ளை இவ்வளவு கற்றுக்கொண்டுவிட்டாளே என்று நெஞ்சு நிறைந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. போனில் சொன்னால் நீ உடனே ஒரு பதில் சொல்லி முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

'இலக்கு நடத்தை: வகுப்பில் 20 நிமிடம் இருக்கையில் அமர்ந்திருத்தல்.' அந்த வரிதான்.

மூன்று குழந்தைகளுக்கும் ஏழெட்டு வயசு, ஆட்டிசம் உள்ளவர்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் உட்கார்ந்தால் யாருக்கு நல்லது? டீச்சருக்கு நிம்மதிதான், 18 வருடம் சிறப்புப் பள்ளியில் நின்றவளுக்கு அது தெரியாதா? ஆனால் உட்கார்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று வரைவில் ஒரு சொல்கூட இல்லை. 1972லேயே வினெட், விங்க்லர் என்ற இருவர் உங்கள் துறையின் இதழிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். வகுப்பறை ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, பிள்ளைகளை அசையாமல், சத்தம் போடாமல், அடங்கி இருக்கப் பழக்குவதா நம் வேலை என்று எழுதினார்கள். அதற்கு நாலு வருடம் முன்னால், 1968ல், அதே இதழ் தொடங்கியபோது பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் இந்தத் துறைக்கு ஏழு பண்புகள் சொன்னார்கள். ஆய்வு செய்ய வசதியாக இருக்கிறது என்று ஒரு நடத்தையை எடுக்கக் கூடாது, அந்த மனிதருக்கும் அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கும் அது முக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதில் முதலாவது. ஏழையும் நீ தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். அந்த முதலாவதைத்தான் உன் வரைவில் தேடிக்கொண்டிருந்தேன்.

உன் தம்பி ஆறு வயசில் தலையில் அடித்துக்கொண்டதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது வந்த தெரபிஸ்ட், கவனத்தை இழுக்கத்தான் அடித்துக்கொள்கிறான், பார்க்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்றார். நானும் திருப்பிக்கொண்டேன். ஒரு தாய்க்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. முதலில் கொஞ்சம் கூடும், பிறகு குறையும் என்றார்கள். கூடியது, குறையவே இல்லை. பல வாரம் கழித்து வேறொருவர் வந்தார். இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து, அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று மட்டும் எழுதினார். கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் முன்னால் இருந்தது எழுத்து வேலை. அடித்ததும் நான் முகத்தைத் திருப்புவேன், நான் திரும்பியதும் எழுத்து வேலை நின்றுவிடும். அவனுக்கு வேண்டியதே அதுதான். தண்டனை என்று நினைத்து நான் கொடுத்ததெல்லாம் அவனுக்குப் பரிசாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஐவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982ல் செய்ததும் இந்தக் கேள்வியைச் சோதனையாக மாற்றியதுதான். ஒரே பிள்ளையைக் கவனம் கிடைக்கும் சூழல், வேலை கொடுக்கும் சூழல், தனிமை, விளையாட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, எதில் தன்னையே காயப்படுத்திக்கொள்வது கூடுகிறது என்று பார்த்தார்கள். ஒரே மாதிரித் தெரியும் நடத்தைக்குப் பின்னால் ஆளுக்கொரு காரணம் இருந்தது. 1985ல் கார், டுராண்ட் இருவரும் அடுத்த படிக்குப் போனார்கள். பிள்ளை அந்த நடத்தையால் எதைக் கேட்கிறதோ, அதையே வேறு வழியில் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். வேலையை நிறுத்தச் சொல்லித் தம்பி எடுத்துக் கொடுக்கும் 'போதும்' அட்டை அப்படித்தான் நம் வீட்டுக்கு வந்தது.

இப்போது உன் மூன்று பிள்ளைகளுக்கு வா. ஒருவன் வேலை கஷ்டமாக இருப்பதால் எழுந்து போகலாம். இன்னொருத்தி டீச்சர் பின்னால் ஓடி வருவார் என்பதற்காக எழுந்திருக்கலாம். மூன்றாவது பிள்ளைக்கு ஓடுவதே சுகமாக இருக்கலாம். உட்கார்ந்தால் டோக்கன், டோக்கன் சேர்ந்தால் பரிசு என்று மூவருக்கும் ஒரே டோக்கன் பலகை வைக்கப்போகிறாய். அது பலித்தாலும் ஏன் பலித்தது என்று உன்னால் சொல்ல முடியாது. முதலில் ஏன் எழுகிறார்கள் என்று பார். வேலை கஷ்டம் என்பதுதான் காரணம் என்றால், 'உதவி வேண்டும்', 'கொஞ்சம் ஓய்வு வேண்டும்' என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதையே உன் ஆய்வாக்கிவிடு. எழுந்து போவதை இரண்டாவது அளவாக வைத்துக்கொள். பெரியவனாகும்வரை கூட வரும் ஒன்றைக் கொடுத்தோம் என்ற நிம்மதி உனக்கும் இருக்கும்.

வரையறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பிக்கு டேட்டா ஷீட் நிரப்பத் தொடங்கிய புதிதில் 'அடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரே மாலை, ஒரே அறை, நானும் அப்பாவும் தனித்தனியாக எண்ணினோம். அப்பா 4 என்று எழுதினார், நான் 11. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தரையில் விழுந்து புரண்டால்தான் அடம், எனக்குச் சிணுங்கலே அடம். உன் வரைவில் 'பொருத்தமற்ற நடத்தை' என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதுவும் அந்த 'அடம்' மாதிரிதான். எது சேரும், எது சேராது, எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று எழுதி, உன் பிள்ளைகளைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து எண்ணச் சொல். குறைந்தது 20 சதவீத அமர்வுகளில் இரண்டாவது பார்வையாளர், இருவர் கணக்கும் 80 சதவீதத்துக்குக் குறையாமல் ஒத்துப்போவது என்பது வழக்கம். அதை எல்லாக் கட்டத்திலும் செய். கடைசி வாரத்தில் மொத்தமாகச் செய்து நிரப்பாதே.

வடிவமைப்பில் எனக்குப் பெரிய குறை இல்லை. பயிற்சிக்கு முந்தைய நிலையை (பேஸ்லைன்) எல்லோரிடமும் அளந்துகொண்டே, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு நேரத்தில் பயிற்சியைத் தொடங்கும் மல்டிபிள் பேஸ்லைன் எடுத்தது சரி. கற்றுக்கொண்டதைப் பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்க முடியாது, எனவே பயிற்சியை நிறுத்தி, நடத்தை பழையபடி திரும்புகிறதா என்று பார்க்கும் ரிவர்சல் பொருந்தாது. தன்னை அடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு உதவியை நிறுத்திப் பார்ப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். ஆனால் மூன்றாவது பிள்ளை பேஸ்லைனிலேயே எத்தனை வாரம் காத்திருக்கும் என்று கணக்குப் போட்டாயா? தினமும் அளக்காமல் இடையிடையே அளந்தால் அதற்குச் சலிப்பு குறையும். ஒவ்வொரு கட்டத்திலும் வரைபடத்தில் ஐந்து அளவுப் புள்ளியாவது வேண்டும். பேஸ்லைன் தானாகவே ஏறிக்கொண்டிருந்தால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காதே. சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணு. நெறிமுறைக் குழுவின் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, விடுமுறை, காய்ச்சல் எல்லாம் போக எத்தனை அமர்வு மிஞ்சும்? முடிந்தால் நாலு பிள்ளைகளோடு தொடங்கு, யாராவது ஒருவர் நடுவில் நின்றுபோவது சகஜம்.

டீச்சர் நீ சொன்னபடி செய்கிறாரா என்பதையும் அளந்துவிடு. பலன் இல்லை என்றால் முறை தப்பா, முறையைச் செய்யவே இல்லையா என்று அப்போதுதான் தெரியும்.

தம்பி 'போதும்' அட்டையைத் தெரபி அறையில் அழகாக எடுத்துக் கொடுப்பான். வீட்டில் எடுக்க எட்டு மாதம் ஆயிற்று. ஒரு இடத்தில் கற்றால் எல்லா இடத்திலும் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஸ்டோக்ஸும் பேயரும் 1977லேயே அந்த நம்பிக்கைக்கு 'பழக்கிவிட்டு எதிர்பார்ப்பது' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. உன் வரைவில் பொதுமையாக்கம், அதாவது கற்றதை வேறு இடத்திலும் செய்வது, கடைசிப் பத்தியில், 'நேரம் இருந்தால்' என்ற சொல்லோடு இருக்கிறது. அதை முன்னால் கொண்டு வா. பேஸ்லைனிலேயே இன்னொரு அறையில், இன்னொருவரோடு ஒன்றிரண்டு தடவை அளந்து வை.

இன்னொன்று. பெற்றோர் சம்மதப் படிவம் மூன்று பக்கம் இருக்கிறது. பிள்ளையின் இசைவு பற்றி ஒரே வரி. பேசாத பிள்ளை 'வேண்டாம்' என்பதை எப்படிச் சொல்லும்? உன் கையைத் தள்ளுமா, முகத்தைத் திருப்புமா, கதவைப் பார்க்குமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாவிடம் கேட்டு எழுது, அதைக் கண்டால் அன்றைய அமர்வை நிறுத்துவேன் என்றும் எழுது. சிறுவயதில் இந்த முறையில் பயிற்சி பெற்ற ஆட்டிசம் உள்ளவர்கள் பெரியவர்களாகி, தங்களுக்கு என்ன வலித்தது என்று இன்று எழுதுகிறார்கள். அவற்றைப் படி. எனக்குப் படிக்க மிகவும் கஷ்டமாக இருந்தது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களெல்லாம் திரும்ப வந்தன. இருந்தாலும் படி.

வரைபடத்தைத் தினமும் போடு. கோடு அசையவில்லை என்றால் அசையவில்லை என்றே எழுது. அதற்காக உன் கைடு உன்மேல் கோபப்பட மாட்டார்.

தம்பி ஏழு வயசில் இருந்தபோது அப்பா எடுத்த பழைய வீடியோ ஒன்று கிடைத்தது. அவனிடமே போட்டுக் காட்டினேன். முடிந்ததும் போனை என்னிடம் தராமல், மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். அக்காவின் படிப்புக்காக நாங்கள் இதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டி, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். உன் வரையறையைத் திருத்தி எழுதி அனுப்பு. நானும் அப்பாவும் ஆளுக்கொரு தாளோடு, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எண்ணி, ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்கிறோம்.

அன்புடன்,
அம்மா