சனிக்கிழமைச் சம்பளமும் கட்டிங் மேஜையும்

காங்கேயம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

திருப்பூர் பனியன் யூனிட்டின் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டு நானும் அம்மாவும் ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆட்களை வைத்து வேலை வாங்குவதுதான் கடினமாக இருக்கிறது என்று சென்ற வாரம் போனில் சொன்னாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பிடிக்காத இடத்தில் மடித்து வைத்துவிடு.

ஆர்டர் கொடுத்துச் சரக்கு வாங்கும் பையரிடமிருந்து பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். நூலுக்கும் சாயத்துக்கும் அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். இடையில் கை கடிக்கும்போது முதலில் தள்ளிப்போடத் தோன்றுவது சனிக்கிழமைச் சம்பளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் டெய்லர்கள்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்க வேண்டியிருந்த நாட்களில், நான் ஒரு புதன்கிழமையே எல்லோரையும் கூப்பிட்டு, இந்த வாரம் பாதிதான், மீதி அடுத்த சனிக்கிழமை என்று கணக்கைத் திறந்து சொன்னேன். முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் வேறு கம்பெனிக்குப் போகவில்லை. சொன்ன சனிக்கிழமையன்று பணம் தருவதற்காகச் சும்மா நின்ற இரண்டு ஓவர்லாக் மெஷின்களை விற்றேன்.

நமக்காக வெளியில் கூலிக்கு வேலை முடித்துத் தரும் ஜாப் ஒர்க்காரர்களுக்கும் இதே நியாயம்தான். பதிவு பெற்ற சிறு தொழிலகங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பணம் தாமதமாக வரும்போது நாம் படும் பாடு நமக்குத் தெரியும் என்பதால், அவர்கள் விஷயத்தில் சட்டம் வரை போக வேண்டியதில்லை.

இனி நான் பெருமைப்பட முடியாத ஒன்று. ஒரு முறை கண்டெய்னரில் சரக்கை ஏற்ற வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. காம்பாக்டிங், அதாவது துணியை மெஷினில் அழுத்திச் சீராக்கும் வேலை, முடிந்து வந்த துணியைப் பிரித்து ஒரு இரவாவது ஆறப் போட வேண்டும், நாளைக் காலை வெட்டலாம் என்று கட்டிங் மாஸ்டர் சொன்னார். நான் அன்று மாலையே வெட்டச் சொன்னேன். துவைத்துப் பார்த்தபோது டி-ஷர்ட்டுகள் நீளத்தில் சுருங்கியிருந்தன. நாற்பது பேர் முன்னிலையில் மாஸ்டரைத்தான் திட்டினேன், அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவசரப்படுத்தியது நான்தான் என்பது திட்டும்போதே எனக்குத் தெரியும். அதை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் டீ நேரத்தில், அதே நாற்பது பேர் முன்னிலையில், தவறு என்னுடையது என்று சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலாளி இறங்கிப் போனால் ஆட்கள் தலையில் ஏறிவிடுவார்கள் என்று உன் பெரியப்பா கோபித்துக்கொண்டார். நடந்ததோ வேறு: அந்த மாதமே செக்கிங் பெண் ஒருத்தி, ஊசி ஓட்டை விழுந்த முதல் பண்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். முன்பெல்லாம் அது பேக்கிங் வரை மறைந்து போயிருக்கும். அன்று ஊசியை மாற்றியதோடு முடிந்தது.

அந்த மாஸ்டர் இப்போது உன்னிடம்தான் வேலை பார்க்கிறார். துணி இன்னும் ஆறவில்லை என்று அவர் சொல்லும் நாளில் கண்டெய்னர் தேதியை அவரிடம் காட்டாதே. பையரிடம் இரண்டு நாள் கேட்டு நீயே மெயில் எழுது.

அன்புடன்,
அப்பா