பாப்பாவின் கோழிக்காக ஒரு கடிதம்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொடுத்துவிட்ட கோடாலித் தைலம் வந்து சேர்ந்ததா?

நீ அனுப்பிய படத்தில் பாப்பா அந்தச் சிவப்புப் பெட்டையின் இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் சிரிப்பு அவ்வளவு அழகு. ஆனால் கோழியின் வாயைப் பார், திறந்திருக்கிறது. போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளுக்குப் படித்துக் காட்டு.

நம் ஊர்ச் சந்தையில் காலைக் கட்டி, சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோவார்கள். பார்த்துப் பார்த்து அதுதான் முறை என்று நமக்குப் பழகிவிட்டது. விலங்கை வதைபடும்படி கொண்டுபோவது இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே குற்றம். கறிக்குப் போகிற கோழிக்கே அது கொடுமை என்றால், பெயர் வைத்து வளர்க்கிற கோழிக்கு எதற்கு?

கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலே மூச்சுக்கு உதவும் தசை, கிடையாது. நெஞ்செலும்பு அசைந்து கொடுத்தால்தான் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பைகளில் மூச்சு போய் வரும். தலைகீழாகத் தொங்கினால் குடலும் இரைப்பையும் சரிந்து அந்தப் பைகளை அழுத்தும். தீனிப்பை நிறைந்திருந்தால் தின்றது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கவும் கூடும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தாலும் ஆபத்துதான். சத்தமில்லாமல் சமர்த்தாக இருக்கிறதே என்று நாம் நினைப்போம்; அது மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும். இறக்கையைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு பிசகும், எலும்பும் முறியலாம்.

என் மாமியார் தூக்குவதை நீங்கள் பார்க்க வேண்டும். அவர் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1877-இல் கொண்டுவந்து நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று பக்கத்து ஊரான கோலகங்சாரில் மரமாக இன்னும் நிற்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துப் பால்மரக் காடெல்லாம் பெரும்பாலும் செம்பனையாக, அதாவது எண்ணெய்ப் பனையாக, மாறிவிட்டது. லயத்துச் சனங்களில் பலர் டவுனை ஒட்டிய தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கோழி வளர்ப்பும் கூடவே வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு கூண்டு, அதில் சில கம்பத்துக் கோழிகள், நம் நாட்டுக்கோழிதான். இருட்டினால் செம்பனைக்குள்ளிருந்து மரநாயும் மலைப்பாம்பும் வரும். அதனால் வெளியே அடையப் பார்க்கிற கோழிகளைத் தினமும் கையில் எடுத்து உள்ளே விட வேண்டியிருக்கிறது.

மாமியார் துரத்தவே மாட்டார். மேலேயிருந்து கை வந்தால் கோழிக்குப் பருந்து இறங்குகிற பயம் வந்துவிடும். அவர் குந்தி உட்கார்ந்து, கையைத் தாழ்வாகப் பக்கவாட்டில் கொண்டுபோவார். முதலில் இரண்டு உள்ளங்கையாலும் இறக்கைகளை உடம்போடு சேர்த்து மூடுவார். இறுக்க மாட்டார், அடித்துக்கொள்ள இடமும் கொடுக்க மாட்டார். அப்புறம் கோழியின் முகம் தன் பக்கம் இருக்க, வலது கையை நெஞ்சுக்கு அடியில் விட்டு, ஆள்காட்டி விரல் இரண்டு காலுக்கும் நடுவில் வரும்படி கால்களைப் பிடித்துக்கொள்வார். கோழி அப்படியே முன்கையில் படுத்துக்கொள்ளும். தலை முழங்கைப் பக்கம், வால் வெளிப்பக்கம். ஒரு இறக்கை அவர் இடுப்போடு ஒட்டியிருக்கும். இடது கை மெதுவாக முதுகின் மேல். கால் அந்தரத்தில் தொங்காததால் உதைக்காது. தலை கைக்கு அடியில் இருட்டில் இருப்பதால் இன்னும் அடங்கிவிடும். எச்சம் போட்டாலும் கைலியில் விழாது, அதுவும் ஒரு வசதி.

எதிர்வீட்டு மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, செராமா என்ற இனக் கோழி வளர்க்கிறார். கிளந்தானில் உருவான இனம், உலகிலேயே மிகச் சிறிய கோழி என்கிறார்கள். அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். பாப்பாவின் கைக்கு அதுதான் அளவு. உங்கள் பெட்டை அவளுக்குக் கனம். அதனால் நடந்துகொண்டு தூக்க வேண்டாம். திண்ணையில் உட்காரச் சொல், மடியில் ஒரு துண்டை விரி, நீ எடுத்து வந்து வை. இறக்கையோடு சேர்த்துத் துண்டைத் தளர்வாகச் சுற்றினால் கோழி திமிறாது. முகத்துக்கு நேராக மட்டும் வைக்கக் கூடாது, கண்ணில் கொத்திவிடும். முத்தமும் வேண்டாம். நன்றாக இருக்கிற கோழியின் உடம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். விட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சின்னவனுக்கு இன்னும் 5 வயது ஆகவில்லை, அவன் பார்த்தால் போதும்.

கோழியைக் கீழே இறக்கிவிடும்போது அதன் கால் தரையைத் தொட்ட பிறகுதான் கையை எடுக்க வேண்டும். மேலிருந்து போட்டால் பாதத்தில் அடிபடும், பிறகு சீழ் வைத்து வீங்கினால் ஆறுவது கஷ்டம். மருந்து கொடுக்க வேண்டுமென்றால் அடைந்த பிறகு எடு. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, ஓடாது. சேவலைப் பாப்பாவிடம் கொடுக்காதே, கால் முள் கிழித்துவிடும்.

கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோவதென்றால் பை வேண்டாம். காற்றுப் போகிற மூடிக்கூடையில் அடியில் சாக்கு விரித்து, கால் வழுக்காமல் உட்கார வை. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி. வியர்க்கவும் வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை ஆற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் காலையிலேயே போய்விட்டு வந்துவிடு.

கூடைக்குப் பணம் அனுப்புகிறேன், மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

அன்புடன்,
அக்கா