காதுகுத்து பேனரில் அகட்டின கால்கள்

ஈமுக் குஞ்சு பொரித்து விற்கிற அண்ணாச்சிமாருக்கு,

வணக்கம். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்பில் பணம் போட்டவர்கள் ஏமாந்து, அந்த முதலீட்டுக் கதை கந்தலான பிறகும், தீக்கோழி மாதிரி இருக்கிற இந்த ஆஸ்திரேலியப் பறவையை விடாமல் வைத்திருக்கிற சிலரில் நானும் ஒருத்தன். வீட்டில் கிறுக்கு என்கிறார்கள்; அது வேறு பேச்சு.

போன மார்கழியில் உங்களில் ஒருவரிடம் ஆறு குஞ்சு வாங்கினேன். திசையன்விளை வந்து பெட்டியைத் திறந்தால், இரண்டு குஞ்சுக்குக் கால் இரு பக்கமும் அகட்டி, தரையில் நீச்சலடிப்பது போலக் கிடந்தன. போன் போட்டேன். "சுண்ணாம்புச் சத்து பத்தல வே, கிளிஞ்சல் தூள் போடும்" என்றார்.

மறுநாள் நேரில் போனேன். கொட்டகையில் குஞ்சுகள் நின்றது யாரோ வீட்டுக் காதுகுத்துக்கு அடித்த, வழுக்குகிற பேனர் மேல். கழுவ லேசு என்று விரித்திருக்கிறார்கள். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான உடம்பைத் தூக்கி நிற்க, அதற்கு நகம் ஊன்ற இடம் வேண்டாமா? ஒரு சாக்கு விரித்தால் போதும். அகட்டின காலையும் முதல் ஓரிரு நாளிலேயே பிடித்துவிட வேண்டும். மெத்தென்ற துணிநாடாவால், குஞ்சு இயல்பாக நிற்கிற அகலத்துக்கு இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி, நாலைந்து நாள் விட்டால் நிமிர வாய்ப்பு உண்டு. என் இரண்டில் ஒன்று அப்படி எழுந்தது. மற்றது எழவில்லை.

அந்தக் கிளிஞ்சல் தூளைத் தயவுசெய்து இனி யாருக்கும் சொல்லாதீர்கள். அது முட்டையிடுகிற பறவைக்கு. குஞ்சுக்குச் சுண்ணாம்பு மிஞ்சினால் மாங்கனீசு என்கிற தாதுச்சத்து உடம்பில் ஒட்டாது. மாங்கனீசு குறைந்தால் கால் மூட்டின் பின்னால் ஓடுகிற தசைநாண் தன் பள்ளத்தை விட்டு வழுக்கிவிடும். அப்புறம் எந்த மருந்து ஊற்றியும் அந்தக் கால் பழையபடி ஆகாது. விரல் உள்ளே சுருண்டால் அது ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) குறையாக இருக்கலாம். தாய்ப்பறவையின் தீவனத்தில் இவை குறைந்தாலும் அந்தக் குறை முட்டை வழியாகக் குஞ்சுக்கு வரும். தாய்க்கு என்ன போட்டீர்கள் என்பது வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஈமுக் குஞ்சுக்கு பிராய்லர் கோழித் தீவனம் போடுவதும் அப்படித்தான். ஆறு வாரத்தில் கறிக்கடைக்குப் போகிற கோழிக்கு எடை ஏறினால் சரி. வளர்ந்து முடிக்க ஒரு வருசத்துக்கு மேல் ஆகிற ஈமுவுக்கு, எலும்பு இறுகும் முன்னே உடம்பு பெருத்தால் கால் முறுக்கிக்கொள்ளும்.

ஆண் ஈமு எட்டு வாரம் சரியாகத் தின்னாமல் அடைகாத்து, பொரிந்த குஞ்சுகளை மாதக்கணக்கில் காடு மேடெல்லாம் நடத்திக் கூட்டிப்போகும். நாம் இங்குபேட்டரில் பொரித்து, மழைக்காலம் என்று பல்பு வெளிச்சத்தில் அடைத்துப்போடுகிறோம். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? மழை விட்ட நேரம் தேரிக்காட்டுச் செம்மணலில் ஓடவிட்டால் காலும் உரம் ஏறும், வெயிலில் வைட்டமின் டி-யும் கிடைக்கும்.

நான் கேட்பது இரண்டுதான். விற்கும் முன் ஒவ்வொரு குஞ்சையும் வாங்குகிறவர் கண்முன் மணலில் நடத்திக் காட்டுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் கால் கோணல் தெரிந்துவிடும். தாய்ப்பறவைக்குப் போட்ட தீவனத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

வருகிற மார்கழிக்கும் நாலு குஞ்சு வேண்டும். சாக்கு நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
திசையன்விளைப் பக்கத்து ஈமுக்காரன்