ராத்திரி 1.47க்கு வந்த ரிப்போர்ட்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காலையில் எழுந்ததும் பார்த்தேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.2. வெறும் வயிற்றில் 112. கீழே, "பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையேக்கா?" என்று ஒரு வரி. அந்த எண்களைவிட அவை வந்து சேர்ந்த நேரம்தான் எனக்கு உறுத்தியது. ராத்திரி 1.47. போன் போட்டுக் கேட்டேன். "அப்பதான்க்கா ஆபீஸ் கால் முடிஞ்சது" என்றாய். அடுத்த கால் வருகிறது என்று உடனே வைத்தும்விட்டாய்.

போனில் பேசி முடிக்க முடியாததை எழுதுகிறேன். உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். உன் வயதில், உன் மாதிரி ஐ.டி. வேலையில் நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். மூன்று மாதச் சராசரி 5.7க்குக் கீழே இருந்தால் சரி. 6.5 தொட்டால் சர்க்கரை நோய். நீ நடுவில் நிற்கிறாய், அதிலும் அந்தப் பக்கம் சாய்ந்து. இங்கிருந்து திரும்பி வர முடியும். சும்மா உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இதே போன்ற நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39ஆகக் குறைந்தது. நம் ஊர்க்காரர்கள் மாதிரியான உடம்பு, நம் சோறு, நம் சாம்பார். அப்படிப்பட்டவர்களிடமே இந்த வித்தியாசம். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு அவர்கள் சொன்ன நடை தினம் அரை மணி நேரம், அவ்வளவுதான்.

அந்த அரை மணி நேரம் உன்னிடம் இருக்கிறதா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பதினோரு வருடமாக நிற்கிறேன். சேர்ந்த புதிதில் சுகர் மாத்திரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள்தான். இப்போது சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி ஓட்டுகிற தறிகளிலிருந்து முப்பத்தைந்து வயதுப் பெண்கள் சீட்டோடு வந்து நிற்கிறார்கள். 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு வந்ததே, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், அதற்கு முந்தைய கட்டத்தில் 13.6 கோடிப் பேர் என்று. அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. அந்த வரிசையை நான் தினமும் பார்க்கிறேன். அதில் உன் பெயரும் சேரும் என்று மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை.

மருத்துவர் அந்தப் பெண்களிடம் நடக்கச் சொல்கிறார். நானும் சொல்கிறேன். ஒருத்தி என்னிடம், "பத்து மணி நேரம் தறியச் சுத்தி நடந்துட்டுத்தானக்கா இருக்கேன், இன்னும் எப்ப நடக்க?" என்று கேட்டாள். கோபமில்லை, உண்மையாகவே கேட்டாள். அன்றிலிருந்து யாரிடமும் சும்மா "நடங்க" என்று சொல்வதை விட்டுவிட்டேன். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், வேலை எத்தனை மணிக்கு முடியும், ராத்திரி சோறு எப்போது என்று கேட்ட பிறகுதான் சொல்கிறேன். உடம்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தால் அது எப்போதும் நேரத்தில்தான் போய் நிற்கிறது.

உனக்கு அப்பாவின் மில் காலம் நினைவிருக்கும். விடியற்காலைச் சங்கு ஊதியதும் அப்பா தூக்குச்சட்டியோடு சைக்கிளில் ஏறுவார். பகல் ஷிப்டு என்றால் சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். தலையில், மீசையில், காது மடலில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்துவிட்டு உன்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு படிப்பகத்துக்குப் போவார். மழை பெய்து அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் போதும், அந்த வார லீவு நமக்கு அங்கேதான். நீ நீச்சல் கற்றது அந்த நாட்களில். எட்டு மணி நேரம் முடிந்துவிட்டால் அதற்குமேல் மில்லுக்கு அப்பாவிடம் ஒன்றும் கிடையாது. மேஸ்திரி வீட்டுக்கு ஆள் அனுப்பினால்கூட, வர முடியாது என்று சொல்லி அனுப்ப அப்பாவால் முடிந்தது. பின்னால் ஒரு சங்கம் இருந்தது, சட்டம் இருந்தது.

மில் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பஞ்சுத் தூசிதான் இன்றைக்கும் அப்பா நெஞ்சில் இருமலாக நிற்கிறது. முழு நைட் வாரங்களில் அவர் பகலில் தூங்க முடியாமல் புரண்டதும் எனக்குத் தெரியும். சம்பளம் பற்றாமல் அம்மா கடன் வாங்கிய கதையும் தெரியும். ஆனால் ஸ்பின்னிங்கில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்ட அப்பாவுக்கு மகனை ஆற்றுக்குக் கூட்டிப்போக நேரம் இருந்தது. அவரைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிற உனக்கு அரை மணி நேரம் நடக்க நேரமில்லை. இது எப்படி நடந்தது என்று நாம் கேட்க வேண்டாமா?

அந்த எட்டு மணி நேரம் தானாக வந்ததில்லை. 1923இல் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் போட்டபோது இந்த நாட்டில் அப்படி ஒரு நாள் கொண்டாடியதே முதல் முறை. 1946இல், அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தில், ஆலை வேலை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48ஆகக் குறைந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதியாக்கியது. அப்பாவின் நான்கு மணிச் சாயங்காலம் அங்கிருந்து வந்தது. நீ நீந்தக் கற்றதும் அப்படித்தான்.

நீ எப்போதும் சொல்வாய், "எனக்கு அரசியல் வேண்டாம்க்கா, என் வேலையுண்டு நானுண்டு" என்று. தம்பி, உன் முன்னேற்றத்தையே எடுத்துக்கொள்ளேன். நீ பள்ளியில் சாப்பிட்ட சத்துணவு முட்டை, பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப், கிண்டியில் கவுன்சலிங்குக்குப் போனபோது கையில் பிடித்திருந்த முதல் பட்டதாரிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்காக நானும் அப்பாவும் தாலுகா ஆபீசுக்கு மூன்று நாள் நடந்தோம். வீட்டில் வேறு பட்டதாரி உண்டா என்று கேட்டார்கள். நான் பார்மசி டிப்ளமோ மட்டும்தான் என்று சொன்னேன். 2010இல் முதல் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை வராமல் இருந்திருந்தால் அப்பாவின் செட்டில்மெண்ட் பணம் முழுவதும் உன் முதல் வருடத்திலேயே கரைந்திருக்கும். உன் ஆசை உன் உழைப்பால் வளர்ந்தது, சந்தேகமே இல்லை. முளைப்பதற்கு மண் போட்டது அரசியல்.

அதனால்தான் 2023இல் நடந்தது என்னை அவ்வளவு பாதித்தது. ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில், ஆலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்கிற திருத்தம் நிறைவேறியது. வாரக் கணக்கு 48தான், நாலு நாளில் முடித்துக்கொள்ளலாம், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றெல்லாம் விளக்கம் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சங்கங்கள் ஒன்றாக நின்றதால் பத்து நாளில் ஒரு சட்டம் திரும்பிப் போனது. அப்பா அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து அந்தச் செய்தியை மூன்று சேனலில் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அதே வருடம் அக்டோபரில், இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸை நிறுவியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி பேசிய வீடியோவை நீ நம் குடும்பக் குழுவில் போட்டு, கட்டைவிரல் உயர்த்தியிருந்தாய். 2025 ஜனவரியில் இன்னொரு பெரிய நிறுவனத்தின் தலைவர் 90 மணி நேரம் என்றார். நீ போட்ட அந்த 70ஐ மட்டும் நான் ஒருநாள் தாளில் கணக்குப் போட்டேன். ஆறு நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 11 மணி 40 நிமிடம். போக வர இரண்டு மணி நேரம். தூக்கம் ஏழு. மிச்சம் 3 மணி 20 நிமிடம். குளியல், சமையல், சாப்பாடு, துணி, அம்மாவுக்கு ஒரு போன், நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அதைத் தூக்கிக் கொஞ்ச, எல்லாம் அதற்குள். நீயோ முதலில் கைவைப்பது அந்த ஏழில். தூக்கம் குறையக் குறைய உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பதில் சொல்லாமல் போகும். நீ இனிப்பே தொடுவதில்லை என்கிறாய், நம்புகிறேன். உன் 6.2இல் உன் தூக்கத்துக்கும் பங்கு இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். நீண்ட வேலை நேரத்தால் 2016இல் மட்டும் உலகம் முழுவதும் 7,45,000 பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். இதையும் குடும்பக் குழுவில் போட்டேன். யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

உன் ஆசையைக் குறைத்துக்கொள் என்று நான் கேட்கவே மாட்டேன். டீம் லீடு ஆக வேண்டும், வெளிநாடு போக வேண்டும், சொந்த வீடு வாங்க வேண்டும், எல்லாம் நடக்கட்டும். எனக்கு அதில் பெருமைதான். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு ஏறு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கூடுதல் நேர வேலைக்குத் தொழிலாளியின் ஒப்புதல் வேண்டும், இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் மேற்பார்வை வேலையில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் 'தொழிலாளி' இல்லை. நீ ஆசைப்படுகிற பதவி உயர்வு உன்னை அந்தக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தலாம். உன் ஆஃபர் லெட்டரை ஒருமுறை முழுவதும் படித்துப் பார். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று நம் மாநில அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது, அதுவும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. அம்மா உனக்காக ஆட்டுக்கால் பாயா வைத்துவிட்டுக் காத்திருந்தாள். சாப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது என்று நீ ஓட்டுப் போட வரவில்லை. வாக்களிக்கிற நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பது சட்டம். அதை எடுக்கக்கூட உன்னால் முடியவில்லை, கேட்கவும் உனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது, சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். போன வருடம் துரைப்பாக்கத்தில் உன்னோடு நான்கு நாள் இருந்தபோது காலை ஆறு மணிக்கு நடக்கக் கிளம்பினேன். நடைபாதை இல்லை, தண்ணீர் லாரிகள் உரசிக்கொண்டு போயின, பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன். அதனால் ரோட்டை நம்பாதே. ஆபீஸ் வளாகத்துக்குள் மதியம் சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம், ராத்திரி சாப்பிட்டதும் உன் அடுக்குமாடி மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம். சாப்பிட்ட பிறகு நடந்தால், ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையைத் தசைகளே இழுத்துக்கொள்ளும். சோற்றைப் பாதியாக்கு, அந்த இடத்தில் பொரியலும் பருப்பும் முட்டையும் வை. அம்மா சொல்கிற சிறுதானியம் நல்லதுதான், ஆனால் நாலு கரண்டி கம்பஞ்சோறும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்குள். ஸ்விக்கியைப் பத்தரை மணிக்குத் திறக்காதே.

அப்புறம் அந்த ராத்திரி கால். வாரத்தில் ஐந்து நாளும் நீதான் எடுக்கிறாய் என்றாய். உன் டீமில் ஆறு பேர். அந்த ஐந்து நாளை ஆறு பேரும் முறை வைத்து எடுத்துக்கொள்ளலாமே என்று மேனேஜரிடம் கேள். தனியாகப் போகாதே, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. மூன்று பேராகக் கேட்டால் அது உன் ஒருவனின் சோம்பேறித்தனமாகத் தெரியாது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "முதல்ல பதிலி ஆளுங்களையும் சேத்துக்கச் சொல்லு, அவங்கதான் பயந்து ஒதுங்குவாங்க" என்றார். உங்கள் டீமில் காண்ட்ராக்டில் இருப்பவர்களைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

சரியாக மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும். அதை இங்கே வந்து எடு. வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரசில் ஏறினால் சனிக்கிழமை காலையில் ராஜபாளையம். ரயிலில் எதுவும் சாப்பிடாதே, வெறும் வயிற்றில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு அப்பா வருவார். இப்போதெல்லாம் டி.வி.எஸ். ஓட்டுகிறார், பின்னால் உட்கார உனக்குப் பயமாக இருந்தால் நடந்தே வீட்டுக்கு வாருங்கள் இரண்டு பேரும்.

அன்புடன்,
அக்கா