சந்தனத்துக்கு அடியில் இருந்த எழுத்து

பந்தநல்லூர்,
ஐப்பசி 9

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சம்பா நடவு முடிந்துவிட்டது, வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் நம் பேரப்பிள்ளை தம்பி பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கட்டுரையை நீ போனில் வாசித்துக் காட்டினாய். 1924 வெள்ளத்தில் அணைக்கரையில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்கார எஞ்சினியரை எள்ளுத்தாத்தா பரிசலில் போய்க் காப்பாற்றினார், அவர் தன் இடுப்பு ரிவால்வரைக் கழற்றிக் கொடுத்தார் என்று பிள்ளை அழகாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கதையை உனக்குச் சொன்னவன் நான். எனக்குச் சொன்னது என் அத்தை. அதில் ரிவால்வர் வரும் பகுதி உண்மை இல்லை என்று இந்த சரஸ்வதி பூஜைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அது கட்டுரையாகிவிட்டது.

நம் வீட்டில் ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து, தராசு எல்லாம் வைக்கிற வரிசையில் அந்த ரிவால்வரையும் வைப்போம் அல்லவா? குழலின் இடப்பக்கம் ஒரே இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, தொண்ணூறு வருஷத்துச் சந்தனம் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆயுதப்படை ஆர்மரர் ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது அடியில் எழுத்து இருக்கிற மாதிரி தெரியுது, சுத்தம் பண்ணிப் பாருங்க. ஆனா உப்புத்தாள் மட்டும் போட்டுடாதீங்க" என்றார். உப்புத்தாள் போட்டால் முத்திரையும் சேர்ந்து போய்விடும்.

சரி, பூஜைக்கு முந்தின நாள் உட்கார்ந்தேன். முதலில் உருளையைத் திறந்து ஆறு அறையும் காலிதான் என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்துக்கொண்டேன். நூறு தடவை காலி என்று தெரிந்திருந்தாலும் இதைச் செய்யாமல் நான் தொடுவதில்லை. மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தேன். பாதி எழுத்து மங்கித்தான் இருந்தது. அப்போது ஒரு யோசனை வந்தது. விபூதியை எடுத்து எழுத்துப் பள்ளத்தில் தடவி, மேலே துணியால் துடைத்தேன். வெள்ளையாக எழுத்து நின்றது. நம்ம நகை ஆசாரியிடம் இரவல் வாங்கிய கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

சின்ன வயதில் நான் இதை ஸ்மித் அண்ட் வெஸன் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்தது என்றே நினைத்திருந்தேன். குழல்மேல் அந்தப் பெயர் பெரிதாக இருக்கிறது, கைப்பிடியிலும் அவர்கள் முத்திரை மாதிரியே பின்னிப் போட்ட எழுத்து இருக்கிறது. முழு வரியையும் படித்தால்தான் விஷயம் தெரிகிறது. இந்த ரிவால்வருக்குப் பொருந்தும் தோட்டா 32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்று போட்டிருக்கிறார்கள். அது தோட்டாவின் பெயர், செய்தவன் பெயர் இல்லை. தோட்டா எழுத்தைப் பொடியாகவும் பிரபலக் கம்பெனியின் பெயரைப் பெரிதாகவும் பொறித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஸ்பெயின் நாட்டில், பாஸ்க் பகுதியில் எய்பார் என்ற ஊரில் இப்படி நகல் ரிவால்வர்கள் ஏராளமாகச் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். ஃபிரேமில் எய்பார் என்ற சொல்லும் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றித் தாழ்வாக நினைக்காதே. தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி வேலை செய்தவர்கள் அவர்கள்.

வருஷம் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு ஒரு வாரம் போனது. அடியில் இருக்கும் எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் துப்பாக்கிக்கு அது சரி. இந்த மாதிரி நகலுக்கு அந்த எண் உதவாது. அதனால் வேறு வழியில் வந்தேன். இந்த 32 லாங் தோட்டாவே 1896-இல்தான் வந்தது. ஆக அதற்கு முந்தினது இல்லை. அப்புறம் உருளையிலும் குழலிலும் கிரீடத்துக்குக் கீழே என்.பி. என்று இரண்டு எழுத்து. அது இங்கிலாந்தில் பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸின் முத்திரை. விற்பனைக்கு வரும் துப்பாக்கியில் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை அடிப்பார்கள். புகையில்லா மருந்துக்கு உரிய இந்தக் கிரீட முத்திரை 1904-இலிருந்து வந்தது. ஸ்பெயினில் செய்த சரக்கு பர்மிங்காம் போய், அங்கே சோதனையாகி, கப்பலேறி மெட்ராஸ் வந்திருக்கிறது.

இதுவரைக்கும் அத்தையின் கதை பிழைத்துக்கொண்டுதான் இருந்தது. சந்தனத்துக்கு நேர் அடியில் கடைசியாகத் தெரிந்த மூன்று சொல்லில்தான் அது உடைந்தது. நாட் இங்கிலீஷ் மேக். இங்கிலாந்தில் செய்தது அல்ல என்று வெளிநாட்டுத் துப்பாக்கிகளில் அடித்த முத்திரை அது. அந்த விதி வந்தது 1925-இல். 1924 ஆடியில் ஒருவர் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்த துப்பாக்கியில் அந்த மூன்று சொல் இருக்கவே முடியாது, பாப்பா.

அந்த எஞ்சினியர் கையில் 455 வெப்லி என்ற பெரிய ரிவால்வர் அல்லவா இருந்திருக்க வேண்டும், இது ஏன் சின்னதாக இருக்கிறது என்ற சந்தேகம் எனக்கு முன்பே உண்டு. வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் வைத்திருந்தது அதுதான். ஆனால் எஞ்சினியர் ராணுவத்தான் இல்லையே, எதை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று சமாதானம் செய்துகொள்வேன். முத்திரைக்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியவில்லை.

மேல் எல்லையும் ஒருவாறு தெரிகிறது. 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது, மறுவருஷம் எய்பார் இடிந்து கிடந்தது. அதற்கு முன்னால் செய்ததுதான். 1925-க்கும் 1936-க்கும் நடுவில் என்று வைத்துக்கொண்டு பரணில் ஏறினேன். என் தாத்தாவின், அதாவது தம்பியின் எள்ளுத்தாத்தாவின், கணக்கு நோட்டுகள் தகரப்பெட்டியில் இருந்தன. கரையான் நாலைந்தைத் தின்றுவிட்டது. ஆங்கிரச வருஷம் தை மாதம், அதாவது 1933 தொடக்கத்தில், ஒரு வரி கிடைத்தது. "பட்டணத்தில் ரிவால்வர் கிரயம் ரூ. 48. தோட்டா வகையறா தனி." அவ்வளவுதான். நெல் விலை விழுந்து கிடந்த காலம் அது. அந்த மாசியில் வாங்க வேண்டிய உழவு மாட்டை அவர் வாங்கவில்லை என்பதும் நாலு பக்கம் தள்ளி இருக்கிறது. குத்தகைப் பணத்தோடு இருட்டில் கும்பகோணம் போய் வந்தவர். பயந்திருக்கிறார். தன் காசில், கணக்கெழுதி வாங்கியிருக்கிறார்.

எனக்கு இதில் ஒரு துளியும் வருத்தம் இல்லை. துரை கொடுத்தார் என்று சொல்லும்போது நமக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை எனக்கு இப்போது பிடிக்கவில்லை. தாத்தா இறக்கும்போது எனக்குப் பதினைந்து வயது. ஒரு நாளும் அவர் வாயால் இந்தக் கதையைச் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. அத்தைக்கு அவர்மேல் இருந்த பாசத்தில் வெள்ளமும் துப்பாக்கியும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

மாப்பிள்ளை, இது நூறு வருஷத்துப் பழசு, இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னாய். அவரிடம் பக்குவமாகச் சொல். வயசு கணக்கில்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் ஆயுதச் சட்டத்தில் விலக்கு. இது சுடும், துப்பாக்கிக் குதிரை இன்னும் கச்சிதமாக விழுகிறது. எனக்கு ஏதாவது ஆனால் நீங்கள் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அப்புறம் வாரிசு என்று மனுப் போடலாமா வேண்டாமா என்று யோசியுங்கள். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்று பல வருஷம் ஆனதால் பழசுக்கு இங்கே நல்ல விலை சொல்கிறார்கள். விற்பதானாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கணக்கு நோட்டை மட்டும் கொடுத்துவிடாதே.

ஏனென்றால் அந்தப் பெட்டியில் ரக்தாக்ஷி வருஷத்து நோட்டும் இருக்கிறது. அதுதான் 1924. ஆடி மாதம் முதல் பத்து நாளில் வரவு என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் செலவு. மூங்கில், சாக்கு, கரை கட்டிய ஆட்களுக்குக் கூலி, அணைக்கரையில் மதகு பார்க்கும் லஸ்கர் குடும்பத்துக்கு நெல் ஒரு கலம். அதற்குக் கீழே, "கொள்ளிடக்கரை சனங்களுக்கு அரிசி" என்று ஆறு நாள் தொடர்ந்து. முதல் நாள் எட்டு மரக்கால். ஆறாம் நாள் இரண்டு. அதோடு நின்றிருக்கிறது, குதிரில் தீர்ந்திருக்க வேண்டும். துரையைப் பற்றி ஒரு வரி இல்லை. பரிசல் கூலி மட்டும் இரண்டு தடவை வருகிறது.

தம்பியிடம் நீயே சொல்லிவிடாதே, நான் சொல்கிறேன். தப்பாகச் சொன்னவன் நான்தானே. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பழைய தமிழ் எண்ணும் கூட்டெழுத்துமாக இருக்கும், உனக்குப் பிடிபடாது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரப்படி சாயங்காலம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கூப்பிடு. வரி வரியாக வாசிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா