பத்து வெள்ளிச் சாமானை ஏன் வீட்டில் செய்ய வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பகுதியில் ஓர் ஐயா எழுதிய கடிதத்தைப் படித்தேன். பிள்ளைகள் மைக்ரோகண்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் குட்டிக் கணினிச் சிப்பு), ரோபோ என்று பொழுதைக் கழிக்கிறார்கள், இணையத்தில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிற சாமானை வீட்டில் செய்கிறோம் என்று நாற்பது, ஐம்பது வெள்ளியைக் கரைக்கிறார்கள், பெற்றோரும் அதற்கு உடந்தை என்று வருத்தப்பட்டிருந்தார். அவர் கணக்கில் பிழை இல்லை. கணினியையும் சிப்பையும் இணைக்கும் ஒரு சின்னப் பலகைக்காக அப்படிக் கரைத்த ஆட்களில் நானும் ஒருத்தி என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு தொழிற்சாலை பஸ் ஏறினேன். அப்போதெல்லாம் விடியற்காலை பஸ் பினாங்குக்குப் போகும். 1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அலைச்சல் குறைந்தது. 24 வருடம் கியூசியில் (தரப் பரிசோதனை) இருந்தேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் மின்சுற்றுப் பலகை வரும். சிப்பின் இரண்டு காலுக்கு நடுவே ஈயம் ஒட்டியிருக்கிறதா, கால் தூக்கியிருக்கிறதா என்று பார்த்து நல்லதை இந்தப் பக்கமும் ரிஜெக்டை அந்தப் பக்கமும் தள்ளுவேன். அந்தப் பலகை என்ன வேலை செய்யும் என்று யாரும் சொன்னதில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றியதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு அக்காவின் பேரன் கேட்க வைத்தான். நான்காம் படிவம் படிக்கிறான். எங்கள் வட்டாரத்தில் தண்ணீர் நின்றால் திரும்ப எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நடுராத்திரி இரண்டு மணிக்கு வந்து தொட்டி வழிந்து வீணாகும். தொட்டி நிறைந்தால் மணி அடிக்க ஒரு கருவி செய்தான். முழு ஆர்டுயினோ பலகை (மைக்ரோகண்ட்ரோலரும் மற்றதும் சேர்ந்தே வருவது) வாங்காமல், அதன் மூளையான ஏடிமெகா328பி சிப்பை மட்டும் வாங்கித் துளைப்பலகையில் குத்தியிருந்தான். சிக்கனம்தான். ஆனால் அந்தச் சிப்புக்கு யூஎஸ்பி பாஷை தெரியாது. ஒரு கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற சீரியல் பாஷைதான் தெரியும். கணினிக்கும் அதற்கும் நடுவே துபாஷி மாதிரி ஒரு சின்னப் பலகை வேண்டும்.

அந்தத் துபாஷியைத்தான் முதலில் ஐயா சொன்ன விலைக்கு வாங்கினோம். 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று தேர்ந்தெடுக்க அதில் ஒரு ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் சின்ன மூடி) இருந்தது. பையன் அதை 3.3-இல் வைத்து, தன்னிடம் இருந்த வைஃபை பலகை ஒன்றை மாட்டினான். சிறிது நேரத்தில், "சின்னப்பாட்டி, இது செத்துப்போச்சு" என்று கொண்டுவந்தான். சீரியல் கம்பி சும்மா இருக்கும்போது உயர்நிலையில் நிற்கும், ஆகவே சாதாரண மீட்டரே போதும். வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட 5 வோல்ட் காட்டியது. அந்த ஜம்பர் வெளியே போகிற மின்சாரத்தை மட்டும் மாற்றியது, சிப்பின் சிக்னல் அப்படியேதான் இருந்தது. விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. தொழிற்சாலையாக இருந்திருந்தால் ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருப்பேன். வீட்டில் அந்தப் பெட்டி இல்லை, அதனால் நாமே ஒன்று வரையலாம் என்று உட்கார்ந்தோம்.

வரைவதற்கு கிகேட் என்ற இலவச மென்பொருள். 1992-இல் பிரான்சில் ஒருவர் தொடங்கியது. பிற்பாடு செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வுக்கூடமும் அதை வளர்க்கக் கை கொடுத்தது. துபாஷி வேலைக்கு எந்தச் சிப்பு என்பதில்தான் எனக்கும் பேரனுக்கும் முதல் சண்டை. அவன் சிபி2102 வேண்டும் என்றான். அதற்கு வெளியே நீட்டிய கால்களே இல்லை, எல்லாம் வயிற்றுக்கு அடியில். கையால் பற்றவைத்தால் சரியாகப் பிடித்ததா என்று என் மாதிரி ஆள்கூடப் பார்க்க முடியாது. எஃப்டி232ஆர்எல் நல்ல சிப்புதான், விலை கூடுதல், போலியும் அதிகம். 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த ஒரு டிரைவர் மென்பொருள், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி அவற்றை முடக்கிப்போட்டது. ஏமாந்து வாங்கியவர்கள் தலையில்தான் அது விடிந்தது. கடைசியில் சிஎச்340சி என்று முடிவானது. பதினாறு கால், ஒவ்வொன்றுக்கும் 1.27 மில்லிமீட்டர் இடைவெளி, என் கண்ணுக்கு இப்போதும் தாராளம். அதன் அண்ணன் சிஎச்340ஜி-க்கு வெளியே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும், இதற்கு உள்ளேயே இருக்கிறது.

முதல் ஐந்து பலகை சீனாவிலிருந்து வந்து சேர்ந்தன. பற்றவைத்து என் பழைய கணினியில் செருகியதும் விளக்கு எரிந்தது. பையன் தன் அம்மாவின் புது லேப்டாப்பில் செருகினான், பிணம் மாதிரி கிடந்தது. வேறு கம்பி, வேறு பலகை, எதற்கும் அசையவில்லை. இரண்டு நாள் ஈயத்தைக் குறை சொல்லிக்கொண்டு ஒவ்வொரு காலாகப் பார்த்தேன், ஈயத்தில் ஒரு குறையும் இல்லை. பிழை வரைபடத்தில். எங்கள் பலகையின் டைப்-சி யூஎஸ்பி வாயில் சிசி1, சிசி2 என்று இரண்டு முனைகள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் தரைக்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று இருந்தால்தான் எதிர்ப்பக்கம் "ஆள் வந்திருக்கிறது" என்று மின்சாரத்தைத் திறந்துவிடும். பழைய கணினியின் அகன்ற வாய் இதையெல்லாம் கேட்பதில்லை, எப்போதும் திறந்தே கிடக்கும். இரண்டு பக்கமும் டைப்-சி என்றால் கேட்காமல் கொடுக்காது. நாங்கள் அந்த ரெசிஸ்டர்களைப் போடவே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினிப் பலகையிலேயே இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் கட்டிவிட்டார்கள், சில வகைக் கம்பிகளில் அது மின்சாரம் வாங்கவில்லை, பிறகு திருத்தினார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் பாடாங் செராய் பாட்டியை மன்னிக்கலாம்.

வோல்ட் விஷயத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. இந்தச் சிப்பில் வி3 என்று ஒரு கால் உண்டு. 5 வோல்ட்டில் ஓடும்போது அதிலிருந்து தரைக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர் (மின்தேக்கி) மட்டும் போதும். 3.3-இல் ஓட்டினால் அந்தக் காலை மின்சாரக் காலோடு சேர்த்துவிட வேண்டும். நாங்கள் சேர்க்காததால், கணினி ஒரு நேரம் பலகையைக் கண்டுகொண்டது, ஒரு நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் பதிப்பில் இரட்டை வரிசை ஸ்லைடு சுவிட்ச் போட்டோம். ஒரு வரிசை மின்சாரத்தை மாற்றும், இன்னொரு வரிசை வி3-ஐச் சேர்க்கும் அல்லது பிரிக்கும். இப்போது சுவிட்சைத் தள்ளினால் சிக்னலும் கூடவே மாறுகிறது, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். மின்சாரம் இருக்கும்போது தள்ளக்கூடாது என்பதால் பக்கத்திலேயே "கழற்றிவிட்டு மாற்று" என்று அச்சிட்டிருக்கிறோம்.

ஆமாம், தமிழில்தான். பேரனின் யோசனை. கிகேட் 7-ஆம் பதிப்பிலிருந்து கணினியில் உள்ள எந்த எழுத்துருவையும் பலகையில் வைக்கலாம். கடையில் விற்கிற பலகைகளில் டிஎக்ஸ் (அனுப்பு), ஆர்எக்ஸ் (பெறு) என்று போட்டிருக்கும். அது அந்தப் பலகை அனுப்புகிற முனையா, நாம் மாட்டப்போகிற பலகை அனுப்புகிற முனையா என்று தெரியாமல் பிள்ளைகள் கம்பியை மாற்றி மாற்றிக் குத்துவார்கள். எங்கள் பலகையில் ஒரு முனைக்கு "போ", மற்றதற்கு "வா". இங்கிருந்து போவது அங்கே வரவேண்டும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் "போ"வின் சுழியெல்லாம் மையால் அடைத்துப் போயிருந்தது. இரண்டு மில்லிமீட்டராக்கிய பிறகு கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது.

சிஎச்340சி-யில் இன்னொரு கால் டிடிஆர். கணினி சீரியல் வாசலைத் திறந்ததும் இது கீழே இறங்கி அப்படியே நிற்கும். நேராக ஏடிமெகாவின் ரீசெட்டில் (முதலிலிருந்து தொடங்கவைக்கும் கால்) கட்டினால் அந்தச் சிப்பு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் வாசல்மணியை அழுத்தி விட்டது மாதிரி ஒரு தட்டு மட்டும் போகும், சிப்பு விழித்து புது நிரலுக்குக் காத்திருக்கும். இதற்கு முன் பையன் ரீசெட் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நேரம் பார்த்து விடுவான், பத்துத் தடவையில் நான்கு தடவை தவறும்.

ஐயாவுக்குச் செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தவறிப்போன முதல் ஐந்தையும் சேர்த்தால் நல்ல பலகை ஒன்று 21 வெள்ளி ஆகிறது, அவர் சொன்னதற்கு இரண்டு மடங்குக்கு மேல். என் உழைப்பைச் சேர்க்கவில்லை. ஆனால் தொழிற்சாலையில் என் கையில் ஏறி இறங்கிய பலகைகளில் ஒன்றைக்கூட "இந்த ரெசிஸ்டர் எதற்கு" என்று என்னால் சொல்ல முடியாது. இதில் ஒவ்வொன்றுக்கும் சொல்வேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் கேள்வித்தாள்களுக்கு நடுவே ஒரு வாரம் இந்த வரைபடத்தை வெளியிட முடியுமா? அரைப் பக்கத்தில் அடங்கிவிடும், தமிழிலேயே எழுதித் தருகிறேன். முதல் சோதனை எப்படி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேறு எதையும் மாட்டாமல் "போ"வையும் "வா"வையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டு, கணினியில் எதையாவது தட்டினால் அது அப்படியே திரும்பி வரவேண்டும். பேரன் "தண்ணி வந்திருச்சா" என்று தமிழில் தட்டினான், ஒரு புள்ளிகூட குறையாமல் திரும்பியது.

இரண்டாம் பதிப்பில் மூன்று பலகை மீதி இருக்கிறது. அந்த ஐயா வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்று அனுப்பிவைக்கிறேன், பத்து வெள்ளி போதும்.

இப்படிக்கு,
பழைய கியூசி பாட்டி,
பாடாங் செராய், கெடா.